தோளில் ஒரு துண்டு

1990 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருமங்கலத்தில் பங்காளி வீட்டுக் காதுகுத்து. சலவைக்குப் போட்டு எடுத்த வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, தோளில் மடிப்புக் கலையாத துண்டு என்று புறப்பட்டு நிற்கிறேன். மொய்க் கவர் சட்டைப் பையில் இருக்கிறது. போகிற போக்கில் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினேன். நாலு மாதக் குழந்தை. பொக்கை வாயால் சிரித்துக்கொண்டே, குடித்திருந்த பாலில் பாதியை என் நெஞ்சில் கக்கினாள். மொய்க் கவர் நனைந்தது. நான் செய்த முதல் காரியம், பிள்ளையை மனைவியிடம் நீட்டியது. இரண்டாவது, துண்டை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றி, அதில் ஒரு பொட்டுப் பால் படாமல் காப்பாற்றியது.

எங்கள் பக்கம் ஆம்பளை தோளில் கிடக்கிற துண்டு லேசுப்பட்டதில்லை. சாமி முன்னால் இடுப்புக்கு இறங்கும், பஸ் ஜன்னல் வழியாக விழுந்து சீட்டுப் பிடிக்கும், பஞ்சாயத்தில் கோபம் வந்தால் உதறப்படும். பிள்ளை கக்கினதைத் துடைப்பதற்கு வீட்டில் முந்தானை இருந்தது. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினவன் நான். எத்தனையோ ஆயிரம் துண்டு விற்ற கணக்கு என் கையெழுத்தில் இருக்கிறது. 'குழந்தைக்கு' என்று கேட்டு ஒருத்தர் துண்டு வாங்கினதாக ஞாபகம் இல்லை.

2023-ல், அன்று கக்கின அதே மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து எங்கள் வீட்டில் இருந்தாள். அவள் பெற்ற பையன் மூன்றாம் மாதத்தில் கக்க ஆரம்பித்தான்.

"அப்பா, இவனுக்கு ரிஃப்ளக்ஸ் இருக்குப்பா" என்றாள்.

முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் இதற்கு இருந்த பெயர்களை நினைத்துப் பார்த்தேன். அப்போது கீழவாசல் பக்கம் ஒரு வளவு வீட்டில் குடியிருந்தோம். எட்டுக் குடித்தனம், ஒரே குழாயடி. எட்டு வீட்டிலும் எட்டு வைத்தியர். மாந்தம் என்றார்கள், உரம் விழுந்திருக்கிறது என்றார்கள், குடல் ஏறிவிட்டது என்றார்கள், கண்ணு பட்டிருக்கிறது என்றார்கள். என் அம்மாவுக்கு இதெல்லாம் இரண்டாம் பட்சம். "பால் சேரலத்தா பிள்ளைக்கு. தின்ன வாயிதான் காரணம்" என்று மருமகளின் தட்டில் கை வைத்துவிட்டாள். கத்தரிக்காய் போனது, உருளைக்கிழங்கு போனது, மாம்பழம் போனது. கக்கினது பிள்ளை, பத்தியம் இருந்தது என் மனைவி. மூன்று மாதம் பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் தின்றவள், இன்றுவரை சுறா வாசம் அடித்தால் மூக்கைப் பொத்துகிறாள்.

அடுத்தது உரை மருந்து. கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் 'பிள்ளை மருந்து' என்றால் போதும், வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாம் ஒரு பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். அம்மா அவற்றைச் சோற்று உலையில் போட்டு வேகவைத்து, நிழலில் காயவைத்து, வசம்பை மட்டும் விளக்கில் காட்டிக் கரியாக்கி எடுத்து வைப்பாள். குளிப்பாட்டும் நாளில் உரைகல்லில் தாய்ப்பால் ஒரு சொட்டு விட்டு ஒவ்வொன்றையும் இத்தனை இழைப்பு என்று எண்ணி இழைப்பாள். வசம்பை ராத்திரியில் பேர் சொல்லிக் கேட்கக் கூடாது என்பதால் அதற்குப் 'பேர் சொல்லாதது' என்றே பேர். அந்த விழுதைச் சுண்டு விரலில் தொட்டு நாக்கில் தடவினால் பிள்ளை முகத்தை ஒரு கோணல் கோணும், பிறகு உள்ளே இருந்த பால் முச்சூடும் வெளியே வரும். அம்மா முகத்தில் அப்போது வரும் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. "பாத்தியா, உள்ள கெடந்த கெட்டதெல்லாம் வந்துருச்சு!" ஆயுர்வேதத்தில் வசம்பு வாந்தி எடுக்க வைக்கும் மருந்துகளில் ஒன்று என்று பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். கக்குகிற பிள்ளைக்குக் கக்க வைக்கிற மருந்தைக் கொடுத்துவிட்டு, மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

குளிப்பாட்டுவதும் அதே கதைதான். பலகையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, கணுக்கால் மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூக்கை ஊதி, தொண்டைக்குள் விரலை விட்டுக் கோழை எடுப்பது. கடைசியில் காலைப் பிடித்துத் தலைகீழாக ஒரு தொங்கல். பால் குடித்த அரை மணி நேரத்தில் இதைச் செய்தால் எனக்கே வாந்தி வரும். பிறகு சாம்பிராணிப் புகை. திண்ணையில் என் சிகரெட் புகை வேறு. புகை இந்தக் கக்கலைக் கூட்டும் என்று இன்றைக்கு மருத்துவர்கள் சொல்கிறார்கள். கத்தரிக்காயை நிறுத்தின வீட்டில் சிகரெட்டை நிறுத்து என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

இதற்கும் கேட்காமல் போகவே தொக்கம் எடுக்கப் போனோம். மதுரையில் இன்றும் சில சந்துகளில் 'இங்கு குழந்தைகளுக்குத் தொக்கம் எடுக்கப்படும்' என்று போர்டு தொங்குவதைப் பார்க்கலாம். வயிற்றில் ஒரு குழாயை வைத்து அந்தம்மாள் உறிஞ்சினாள், பிறகு தன் வாயிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து உள்ளங்கையில் காட்டினாள். இட்லித் துணுக்கு. என் மகள் அதுவரை இட்லியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கணக்கு எழுதுகிறவன் கேட்காமல் இருப்பேனா? "தாய் தின்னது பால் வழியா எறங்கிருக்கும்யா" என்று பதில் வந்தது. ஐந்து ரூபாய் கொடுத்தோம். கோரிப்பாளையம் தர்காவில் ஓதிக் கட்டின கயிறும், பாண்டி கோயில் திருநீறும் அந்த வாரமே சேர்ந்துகொண்டன.

கிரைப் வாட்டர் மட்டும் எல்லாரும் ஒத்துக்கொண்ட தீர்த்தம். டிவி விளம்பரத்தில் மகள் அம்மாவைக் கேட்க, அம்மா தன் அம்மாவைக் கேட்க, ஒவ்வொரு பாட்டியும் அதையே சொல்லுவாள். அது நம் பாட்டிகளின் சொத்து என்றே நினைத்திருந்தேன். 1851-ல் இங்கிலாந்தில் நாட்டிங்காமைச் சேர்ந்த வில்லியம் வுட்வர்ட் என்ற மருந்துக்காரர், சதுப்பு நிலக் காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தைப் பார்த்துக் கலக்கினது அது. சோயிக்கீரை விதை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, இவற்றோடு அந்தக் காலத்துக் கலவையில் ஆல்கஹாலும் இருந்தது. விக்டோரியா மகாராணி காலத்துக் கைக்குழந்தைகள் நிம்மதியாகத் தூங்கினதில் ஆச்சரியம் இல்லை.

வளவில் எட்டாவது வீட்டுக் கிழவி ஒருத்தி இருந்தாள். வெற்றிலைக்காக வந்து உட்காருவாள். மகள் அவள் மடியிலும் ஒரு தரம் கக்கினாள். கிழவி முந்தானையால் துடைத்துவிட்டு, "கக்கின பிள்ளை தக்கும்டி" என்றாள். "சிரிச்சுக்கிட்டே கக்குதா, மேனி ஏறுதா? அப்ப விட்டுரு."

அவள் போனதும் அம்மா சொன்னாள்: "வெத்தலைக்கு வந்தது, எதையாச்சும் பேசிட்டுப் போகணும்ல."

கிழவி சுருக்குப் பையைத் திறந்து மூடின விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நாடாவை இழுத்தால் வாய் இறுகும், தளர்த்தினால் பிளக்கும். உணவுக் குழாயும் இரைப்பையும் சேருகிற இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கிறதே, அது இந்த நாடா மாதிரிதான். விழுங்கும்போது தளர்ந்து, மற்ற நேரம் இறுகியிருக்க வேண்டியது. கைக்குழந்தைக்கு அது இன்னும் பழகவில்லை. நினைத்த நேரம் அவிழ்கிறது. பை சின்னது, உள்ளே இருப்பது முழுக்கத் தண்ணீர் ஆகாரம், பையை நாள் முழுக்கப் படுக்கப் போட்டே வைத்திருக்கிறோம். வெளியே வராமல் என்ன செய்யும்? நாலாம் மாதம் உச்சம். ஆரோக்கியமான பிள்ளைகளிலேயே பாதிக்கு மேல் அப்போது கக்கும். உட்காரப் பழகி, திட ஆகாரம் தொடங்கினதும் குறையும். ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். கிழவிக்குத் தசையைத் தெரியாது, பையைத் தெரியும்.

ஆனால் கிழவி பேச்சை எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிடவும் முடியாது. அதே வளவில் மூன்றாவது வீட்டில் தலைச்சன் ஆண்பிள்ளை. பிறந்து நாலாவது வாரம் கக்க ஆரம்பித்தான். கக்கல் என்றா சொல்வது? அடிபம்பில் தண்ணீர் வருகிற மாதிரி பீச்சி அடித்தது. எதிர்ச் சுவர் நனைந்தது. எடுத்த உடனே மறுபடி பசி, மறுபடி பால், மறுபடி சுவர். மந்திரித்தார்கள், தொக்கம் எடுத்தார்கள். பத்து நாளில் பிள்ளை வற்றலாகி, உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. அப்புறம்தான் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இரைப்பையிலிருந்து குடலுக்கு இறங்குகிற வாசலில் தசை தடித்து அடைத்துக்கொண்டிருந்தது. முதல் ஆண்குழந்தைகளுக்கு அதிகம் வருகிற கோளாறாம். தண்ணீர்ச் சத்தை ஏற்றிவிட்டு, அந்தத் தசையைக் கீறி விட்டார்கள். ராம்ஸ்டெட் என்ற ஜெர்மன் மருத்துவர் 1912-ல் எழுதி வைத்த அறுவை, இன்றும் அதுதான். அந்தப் பையன் இப்போது உசிலம்பட்டி ரூட்டில் லாரி ஓட்டுகிறான். கக்குவது வேறு, வாந்தி வேறு என்ற வித்தியாசம் தமிழிலேயே இருக்கிறது. அன்று நாங்கள்தான் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினோம்.

இனி இந்தக் காலம். கயிறு, திருநீறு எதுவும் மகள் கட்டவிடவில்லை. அதற்குப் பதில் பார்சல் வந்தது. காற்றுப் புகாத பால் புட்டி, சாய்வுத் தலையணை, எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தான், எவ்வளவு கக்கினான் என்று குறித்துவைக்க ஒரு ஆப். பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை அதையெல்லாம் எக்ஸலில் ஏற்றி ராத்திரி வீடியோ காலில் வரைபடம் காட்டுவார். "மாமா, புதன்கிழமையிலேருந்து டிரெண்ட் கூடியிருக்கு." கக்கினதை எப்படி மாப்பிள்ளை அளந்தீர்கள் என்று கேட்டேன். துண்டை முன்னும் பின்னும் எடை போடச் சொல்லி மகளுக்குச் சொல்லியிருக்கிறார். நாற்பது வருஷம் கணக்கு எழுதின எனக்கே அது தோன்றவில்லை.

முதலில் போன கிளினிக்கில் இரண்டு நிமிஷம். கடைசி எழுத்தாக ஒரு 'டி' சேர்த்து, ஜிஇஆர்டி என்று சீட்டில் எழுதினார்கள். 'டி' இல்லாவிட்டால் அது வெறும் எதுக்களிப்பு, 'டி' வந்தால் நோய். அந்த ஒரு எழுத்துக்கு அமிலத்தைக் குறைக்கிற மருந்து, வாந்திச் சொட்டு, விட்டமின் என்று மூன்று பாட்டில் வந்தது. மகள் இந்தக் காலத்துப் பிள்ளை அல்லவா, மருந்தைப் பிரிக்கும் முன்னே படித்தாள். 2009-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைக் காட்டினாள். பால் குடித்ததும் அழுகிற, கக்குகிற 162 குழந்தைகளில் ஒரு பாதிக்கு லான்சோபிரசோல் என்ற அமில மருந்து, மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெற்று மருந்து. நாலு வாரம் கழித்துப் பார்த்தால் இந்தப் பக்கமும் 54 சதவீதம் தேறியிருக்கிறது, அந்தப் பக்கமும் 54 சதவீதம். மருந்து குடித்த பக்கம் நெஞ்சுச் சளி நோய்தான் கூடுதல். வயிற்று அமிலம் கிருமியைக் கொல்லவும்தானே இருக்கிறது. எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. அந்த 54 சதவீதம் அவள் வசம்புக்கும் கிடைத்திருக்கும். தொக்கக்காரம்மாளின் இட்லித் துணுக்குக்கும் கிடைத்திருக்கும்.

ரானிடிடின் கதையும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரியவருக்கும் பிள்ளைக்கும் எழுதிக்கொண்டிருந்த மருந்து; புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய ஒரு மாசு அதில் சேர்கிறது என்று 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது. சாய்வுத் தலையணைக்கும் அதே கதி. சாய்வாகப் படுக்க வைக்கும் தொட்டில்களில் குழந்தைகள் இறந்துபோனதால் 2019-ல் அங்கே அவற்றைத் திரும்ப வாங்கினார்கள். 2022-ல் சட்டம் போட்டே தடுத்தார்கள். தலை நெஞ்சில் கவிழ்ந்து மூச்சு அடைத்துவிடுமாம். எவ்வளவு கக்கினாலும் தூங்கும்போது மல்லாக்க, சமதளத்தில்தான் என்கிறார்கள். என் மனைவி உத்தரத்தில் சுங்குடிச் சேலையைக் கட்டித் தூளி தயார் செய்திருந்தாள். "அத்தனை பேரையும் தூளியிலதாங்க வளத்தோம்" என்று இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. தலையணையும் தூளியும் ஒரே பரணுக்குப் போயின.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் வயதானவர். பிள்ளையின் சட்டையைக் கழற்றி எடை பார்த்தார், அட்டையில் கோடு போட்டார், தாய்ப்பால் குடிப்பதை உட்கார்ந்து பார்த்தார். "எடை ஏறுது. சிரிக்கிறான். ஒரு மருந்தும் வேணாம்மா" என்று மூன்று பாட்டிலையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை மட்டும் விரல் விட்டுச் சொன்னார்: பச்சையாக வாந்தி வந்தால் நடு ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்கு வரணும்; ரத்தம் வந்தாலும், பீச்சி அடித்தாலும், மூத்திரம் குறைந்தாலும், எடை நின்றாலும், பாலைக் கண்டாலே வில்லாக வளைந்து அழுதாலும் காட்டணும்; காய்ச்சலோடு உச்சிக்குழி புடைத்தால் உடனே. சில பிள்ளைகளுக்கு மாட்டுப்பால் புரதம் ஒத்துக்கொள்ளாமல் இதே மாதிரி வரும், அப்போது தாய் இரண்டு வாரம், நாலு வாரம் பால், தயிரை நிறுத்திப் பார்க்கலாம் என்றும் சொன்னார். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று மாதம் கத்தரிக்காய் தின்னாதவள், அந்த மூன்று மாதமும் தினம் இரண்டு வேளை பால் குடிக்க வைக்கப்பட்டவள்.

வட அமெரிக்க, ஐரோப்பியக் குழந்தை குடல் மருத்துவச் சங்கங்கள் 2018-ல் சேர்ந்து எழுதின வழிகாட்டியிலும் இதுதான் இருக்கிறது என்று மகள் காரில் படித்துக் காட்டினாள். வெற்றிலைக் கிழவி மூன்றே சொல்லில் முடித்ததை அவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். புட்டி வேண்டாம், தேவைப்பட்டால் பாலாடையில் புகட்டுங்கள் என்று அந்த மருத்துவர் சொன்னதும் சிரிப்பு வந்தது. குறைமாதக் குழந்தைகளைப் பற்றிய ஆங்கில ஆய்வுகளில்கூட அதைப் 'பாலாடை' என்றே எழுதுகிறார்கள். எங்கள் வீட்டு வெள்ளிப் பாலாடையை 1998-ல் அடகு வைத்து, மீட்காமலே விட்டுவிட்டேன்.

அவர் சொன்ன வைத்தியம் ஒன்றே ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுங்கள், திணிக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் குடித்தபின் இருபது நிமிஷம் நிமிர்த்தித் தோளில் வைத்திருங்கள். கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு ஒன்பது தரம், இருபது நிமிஷம். மூன்று மணி நேரம். மருந்துக் கடையில் கிடைக்காத சாமான் அது. வளவு வீட்டில் எட்டுக் குடித்தனப் பெண்களின் தோள் இருந்தது. அவள் சமைக்க இவள் வாங்குவாள், இவள் துவைக்க அவள் வாங்குவாள். அம்மாவின் உரைகல்லைப் பற்றி இவ்வளவு பேசினேனே, அவளும் கண்டபடி மருந்து கொடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் பிள்ளையைத் தோளில்தான் போட்டிருந்தாள். அதை யாரும் வைத்தியத்தில் சேர்க்கவில்லை. இப்போது திருப்பாலையில் தனி வீடு. மகளுக்குத் தையல் போட்ட வயிறு, மனைவிக்கு முட்டி வலி, மாப்பிள்ளை போனுக்குள் இருக்கிறார். மிச்சம் நான்.

பழகப் பத்து நாள் ஆனது. பிள்ளையின் மோவாய் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும், நெஞ்சில் முகம் புதையக் கூடாது. ஒரு கை பிட்டத்துக்கு அடியில். மற்றக் கையைக் கிண்ணம் போலக் குவித்து முதுகில் தட்ட வேண்டும், விரலால் தட்டினால் வேலைக்காகாது. வயிறு மடங்கிவிடக் கூடாது. மடங்கினால் டியூப்பை அமுக்கின மாதிரி வந்துவிடும். ஏழாவது எட்டாவது நிமிஷத்தில் ஒரு ஏப்பம் வரும், ஆள் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத ஏப்பம். அதோடு ஒரு வாய் பாலும் வரும். சரிகைத் துண்டு சரிப்படாது, பிள்ளையின் கன்னத்தைக் கீறும். துவைத்துத் துவைத்துப் பஞ்சான பழைய ஈரிழைத் துண்டுதான் வேண்டும். ராத்திரி மூன்று மணிக்கு, தூங்கா நகரமும் தூங்கிப் போன நேரத்தில், புளித்த மோர் வாசத்தோடு கூடத்தில் நடந்திருக்கிறேன். பெற்ற மகளை அப்படி ஒரு நாள் தூக்கி நடந்ததில்லை. சட்டை கெட்டுவிடும் என்று நீட்டிவிட்டவன்.

பெரிய பேரனுக்கு, மகன் வயிற்றுப் பிள்ளைக்கு, ஆறு வயது. அவனுக்கும் இதே எதுக்களிப்புதான், ஆனால் கக்க மாட்டான். தொப்புளைத் தொட்டு வயிறு வலி என்பான், படுத்தால் இருமுவான். ராத்திரி பத்தரைக்குப் பரோட்டாவும் சால்னாவும், மேலே ஒரு ஜிகர்தண்டா, வந்து நேராகப் படுக்கை. அவனுக்கும் மருத்துவர் எழுதியது மருந்தில்லை: ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்கு முடி, கலர் பாட்டில் வேண்டாம், சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படு. மகன் தலையை ஆட்டினான். கடைக்குப் பழகின கால் எட்டு மணிக்கு எப்படி வீட்டில் இருக்கும் என்று பேரன்தான் கேட்டான்.

சின்னவன் பதினோராம் மாதம் கக்குவதை நிறுத்தினான். அந்த வாரம் கேப்பைக் கூழைக் கெட்டியாகக் காய்ச்சிக் கொடுத்ததால்தான் என்கிறாள் மகள். ஆப்பைப் பார்த்துப் பாலின் இடைவெளியைத் திருத்தினதால் என்கிறார் மாப்பிள்ளை. பாண்டி கோயிலுக்குத் தான் தனியாகப் போய்வந்ததை மனைவி மூன்று மாதம் கழித்துச் சொன்னாள். என் பங்குக்கு நான் தோளைச் சொல்லிக்கொள்ளலாம். பதினோரு மாதம் ஆனதால் நின்றது.

கைக்குழந்தை பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆப்பிளும் வேண்டாம், மருந்துப் பேரும் வேண்டாம். தாய் என்ன தின்றாள் என்று கேட்க வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பிள்ளையை வாங்கி இருபது நிமிஷம் தோளில் போட்டு நடங்கள். அந்தப் பெண் அதற்குள் குளித்துவிட்டு வரட்டும். ஆம்பளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். துண்டு கொடியில் காய்கிறது.